ஒரு சொல்லை மாற்றி எழுதிய நேர்மையாளர்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நாவலையும் அதன் அடுத்த பாகங்களையும் பற்றியவை. கதையின் பெரிய திருப்பங்கள் பதில்களில் வருகின்றன. நாவலை இனிமேல்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால், பெயர்க்குழப்பம் பற்றிய சென்னை வாசகரின் கேள்விக்கு நேராகப் போய்விடுங்கள்.

கேள்வி (மதுரை): டிராகன், பனிப்பேய், மந்திரவாதி எல்லாம் வரும் கதையில் நாயகன் நல்லவனாக இருந்தால் என்ன, குறையுள்ளவனாக இருந்தால் என்ன? இந்த நாவலை ஏன் இப்படித் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்?

பதில்: டிராகனுக்காகத் திறந்தால் ஏமாந்துபோவீர்கள். 1996இல் வந்த முதல் பாகத்தில் முன்கதையைச் சேர்த்து 73 அத்தியாயங்கள். டிராகன் முட்டையிலிருந்து வெளிவருவது கடைசி அத்தியாயத்தின் கடைசியில். நடுவே மந்திரம் அங்கங்கே தலைகாட்டும், அவ்வளவுதான். கதையை இழுத்துக்கொண்டு போவது மனிதர்கள் எடுக்கும் முடிவுகள்.

நெட் ஸ்டார்க்கைப் பாருங்கள். முன்கதை போக மீதி 72 அத்தியாயங்களில் 15 அவர் பார்வையில் வருகின்றன. வேறு யாருக்கும் அத்தனை இல்லை. எனவே இவர்தான் நாயகர் என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். வடக்கை ஆளும் பிரபு, கொடுத்த வாக்கை மீறாதவர். மன்னர் ராபர்ட் இவருடைய இளமைக்கால நண்பர். அவர் கேட்டுக்கொண்டதால் மன்னருக்கு அடுத்த பதவியை ஏற்றுத் தலைநகருக்கு வருகிறார். அரசி செர்ஸியின் மூன்று பிள்ளைகளும் மன்னருக்குப் பிறந்தவர்கள் அல்லர், அரசியின் இரட்டைச் சகோதரன் ஜெய்மிக்குப் பிறந்தவர்கள் என்பதைக் கண்டுபிடிக்கிறார். மன்னர் வேட்டைக்குப் போயிருக்கிறார். நெட் நேராக அரசியையே கூப்பிட்டு, “எனக்கு எல்லாம் தெரியும், மன்னர் வந்ததும் சொல்லிவிடுவேன், அதற்குள் பிள்ளைகளோடு கடல்கடந்து போய்விடுங்கள்” என்ற பொருளில் எச்சரிக்கிறார்.

இவ்வளவு அப்பாவியா என்று பலருக்கு எரிச்சல் வரும் இடம் இது. ஆனால் காரணம் நாவலிலேயே இருக்கிறது. பழைய போரின் முடிவில், தோற்ற அரச குடும்பத்தின் இரண்டு குழந்தைகளுடைய உடல்களைச் செந்நிற மேலங்கியில் சுற்றிக் கொண்டுவந்து ராபர்ட்டின் முன்னால் கிடத்தினார்கள். நெட் அதைக் கொலை என்றார். ராபர்ட் அது போர் என்றார். அதே ராபர்ட்டின் கோபத்துக்கு இன்னும் மூன்று குழந்தைகள் பலியாகக் கூடாது என்பதுதான் நெட்டின் கணக்கு. அவர் காட்டியது இரக்கம். செர்ஸி அதை அவகாசமாக எடுத்துக்கொண்டாள்.

அடுத்து நடப்பதை மெதுவாகப் படியுங்கள். காட்டுப்பன்றி குத்திச் சாகக் கிடக்கும் மன்னர் உயில் சொல்கிறார், நெட் எழுதுகிறார். ‘என் மகன் ஜாஃப்ரி’ என்று மன்னர் சொல்ல, நெட் ‘என் வாரிசு’ என்று எழுதுகிறார். பொய்யே சொல்லாத மனிதர், சாகப்போகும் நண்பரின் மனம் நோகாமலிருக்க ஒரே ஒரு சொல்லை மாற்றுகிறார். அன்றிரவே மன்னரின் தம்பி ரென்லி வந்து, நூறு வாள்வீரர்கள் தருகிறேன், இப்போதே பிள்ளைகளைக் கைப்பற்றிவிடலாம் என்கிறான். தூங்கும் குழந்தைகளைப் படுக்கையிலிருந்து இழுத்துவர நெட்டுக்கு மனம் ஒப்பவில்லை. அதற்குப் பதிலாக, லிட்டில்ஃபிங்கர் என்ற பேராசைக்காரன் நகரக் காவலர்களை விலைக்கு வாங்கித் தருவான் என்று நம்புகிறார். மறுநாள் அவையில் செர்ஸி அந்த உயிலைக் கிழித்துப் போடுகிறாள். லிட்டில்ஃபிங்கரின் கத்தி நெட்டின் கழுத்தில். கடைசியில், மகள்களைக் காப்பாற்றுவதற்காக ஊர் முன்னால் தன்னைத் துரோகி என்று பொய்யாக ஒப்புக்கொள்கிறார். அப்படியும் தலை போகிறது, அவருடைய சொந்த வாளாலேயே.

இதில் எந்த முடிவு தப்பு? குழந்தைகளுக்கு இரங்கியதா, நண்பருக்காக ஒரு சொல்லை மாற்றியதா, ரென்லியை மறுத்ததா? பதினைந்து அத்தியாயங்கள் நேசிக்கவைத்த அதே குணம்தான் அவரைக் கொல்கிறது. அதை மட்டும் பிடுங்கி எறிந்தால் மிஞ்சுவது நெட் அல்ல. குறையற்ற நாயகனை வாசகர் கும்பிடலாம், வேறொன்றும் செய்ய முடியாது. நெட்டோடு வாதாடலாம். 1996இல் தொடங்கிய வாதம் இன்னும் ஓயவில்லை.

கேள்வி (கோயம்புத்தூர்): ஏழு வயதுச் சிறுவனைக் கோபுர ஜன்னலிலிருந்து தள்ளிவிட்ட ஜெய்மியை மூன்றாம் பாகத்தில் எனக்குப் பிடித்துப்போனது. இது எழுத்தாளர் செய்யும் தந்திரமா?

பதில்: தொழில்நுட்பம் என்று சொல்லுங்கள், அதை அவர் ஒளிக்கவில்லை. முதல் இரண்டு பாகங்களில் ஜெய்மியின் பார்வையில் ஓர் அத்தியாயம்கூடக் கிடையாது. அவனைப் பிறர் கண்களாலேயே பார்க்கிறோம்: ‘மன்னனைக் கொன்றவன்’, சத்தியம் தவறியவன், சிறுவனைத் தள்ளியவன். 2000இல் வந்த மூன்றாம் பாகமான ‘எ ஸ்டார்ம் ஆஃப் ஸ்வோர்ட்ஸ்’ நாவலில்தான் அவன் தலைக்குள் நுழைய வழி திறக்கிறது. நுழைந்த கொஞ்ச காலத்திலேயே வாள்பிடிக்கும் வலது கையை வெட்டிவிடுகிறார்கள். அந்தக் காயத்தோடு, காய்ச்சலோடு, வெந்நீர்க் குளியலறையில், உடன்வந்த வீராங்கனை பிரியென்னிடம் வாய்திறக்கிறான். ராபர்ட்டுக்கு முன் ஆண்ட மன்னன் ஏரிஸ் நகரம் முழுவதும் தீக்குழம்பைப் புதைத்துவைத்து, எல்லாரையும் கொளுத்தச் சொன்னான், அதைத் தடுக்கத்தான் முதலில் அந்த வேலைக்குப் பொறுப்பான ரசவாதியையும் பிறகு மன்னனையும் கொன்றேன் என்கிறான். இத்தனை ஆண்டுகளாக ஏன் யாரிடமும் சொல்லவில்லை? அவைக்குள் வந்த நெட், ஒரு கேள்வி கேட்பதற்கு முன்பே கண்ணாலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்த ரோஷம்.

இங்கே நுட்பம் ஒன்று இருக்கிறது. ஜெய்மி மேல் இரண்டு குற்றங்கள். ஊர் அவனைக் காறித் துப்புவது மன்னனைக் கொன்றதற்காக. உண்மையில் அவன் வாழ்நாளில் செய்த நல்ல காரியம் அதுதான். நாம் அவனை வெறுப்பது நெட்டின் மகன் பிரானைத் தள்ளியதற்காக. அது ஊருக்குத் தெரியாது. குளியலறைக் காட்சி முதல் குற்றத்தை மட்டும் புரட்டிப்போடுகிறது. இரண்டாவதைத் தொடவே இல்லை. பிரான் அதற்குப் பிறகு நடக்கவில்லை. மூன்றாம் பாகத்தில் உங்களுக்கு ஜெய்மியைப் பிடித்ததும், பிடித்ததே என்று உறுத்தியதும் ஒருசேர நடந்தது இதனால்தான். இரண்டையும் சமன்செய்து மன்னிப்பு வழங்கியிருந்தால் அந்தப் பாத்திரம் செத்திருக்கும்.

கேள்வி (தஞ்சாவூர்): தோற்ற அரச குடும்பத்தின் இளவரசி டனேரிஸ் ஒரு பெண்ணைக் காப்பாற்றினாள், அந்தப் பெண்ணே அவள் கணவனைக் கெடுத்தாள். இதில் டனேரிஸின் குறை என்ன இருக்கிறது?

பதில்: காப்பாற்றியவள் யார் தரப்பில் நின்றாள் என்று பாருங்கள். மிரி மாஸ் டூர் ஒரு மருத்துவச்சி, கோயில் ஊழியம் செய்தவள். அவள் ஊரைச் சூறையாடி, கோயிலை எரித்து, மக்களை அடிமைகளாக்கியது டனேரிஸின் கணவன் ட்ரோகோவின் படை. அந்தப் படையெடுப்பே டனேரிஸுக்குச் சிம்மாசனம் வாங்கிக்கொடுக்கும் செலவுக்காக நடந்தது. எல்லாம் எரிந்து முடிந்த பிறகு, மிச்சமிருந்த சிலரை மீட்டுவிட்டு, உன்னைக் காப்பாற்றினேனே என்று நன்றி எதிர்பார்க்கிறாள். மற்றதெல்லாம் போன பிறகு உயிர் மட்டும் எதற்கு என்று மிரி கேட்கும் இடத்தில் டனேரிஸிடம் பதில் இல்லை. நல்ல மனசுதான். ஆனால் தன் கருணைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று பார்க்கத் தெரியாத மனசு. பின்னால் வரும் பாகங்களில் நகரம் நகரமாக அவள் செய்யும் தவறுகளுக்கு விதை இங்கே விழுந்துவிட்டது.

கேள்வி (திருச்சி): பழைய ஃபேன்டஸி நாவல்களில் நாயகர்கள் எல்லாரும் உத்தமர்கள், மார்ட்டின்தான் மாற்றினார் என்கிறார்களே?

பதில்: தவறு. 1954–55இல் மூன்று பாகமாக வந்த டோல்கினின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில், மோதிரத்தை அழிக்க அத்தனை தூரம் நடந்த ஃப்ரோடோ எரிமலையின் விளிம்பில் நின்று, இது எனக்கே என்று விரலில் மாட்டிக்கொள்கிறான். விரலோடு கடித்துப் பிடுங்கியவன் கால் தவறி விழுந்ததால்தான் உலகம் பிழைத்தது. மைக்கேல் மூர்காக்கின் எல்ரிக் 1961இல் வந்தவன். நோஞ்சான் அரசன், ஆன்மாக்களைக் குடிக்கும் வாள் கையிலிருந்தால்தான் அவனுக்குத் தெம்பு, அந்த வாள் அவன் காதலியையும் விட்டுவைக்கவில்லை. உர்சுலா லெ குவினின் ‘எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ’ 1968. அதில் கெட் என்ற மாணவன் வீம்புக்காக ஒரு வித்தை காட்டப்போய், தன் நிழலையே உலகில் அவிழ்த்துவிடுகிறான். மார்ட்டின் கொண்டுவந்த மாற்றம் வேறு: குறையுள்ள ஒருவரை நடுவில் வைக்காமல், குறையுள்ள எட்டுப் பேரை வைத்து, ஒருவர் குறை மற்றவர் தலையில் விடியும்படி பின்னினார்.

கேள்வி (திருநெல்வேலி): கர்ணனையும் தருமனையும் தெரிந்த நமக்கு இதெல்லாம் புதிதா?

பதில்: நியாயமான கேள்வி. துரோணரிடம் ‘அசுவத்தாமா இறந்தான்’ என்று சொல்லி, ‘யானை’ என்பதைத் தணிந்த குரலில் சேர்த்த தருமனையும், உயிலில் ஒரு சொல்லை மாற்றிய நெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தரையிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் ஓடிய தருமனின் தேர் அந்த நொடியில் மண்ணைத் தொட்டது. பாரதத்தில் தேர் இறங்கியதைக் காட்ட ஒரு கதைசொல்லி இருக்கிறார், ஏன் என்று சொல்லக் கண்ணன் இருக்கிறான். மார்ட்டினிடம் இருவரும் இல்லை. ஒவ்வோர் அத்தியாயமும் ஒரே ஒருவர் தலைக்குள் பூட்டப்பட்டது. அவருக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. தேர் இறங்கியதை நாமேதான் கவனிக்க வேண்டும். பாரதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த நாவல் சீக்கிரம் பிடிபடுகிறது என்றே நினைக்கிறோம்.

கேள்வி (சென்னை): மூன்று முறை தொடங்கி ஐம்பதாம் பக்கத்தில் மூடிவிட்டேன். பெயர்கள் தலைசுற்ற வைக்கின்றன. எப்படிப் படிப்பது?

பதில்: அச்சுப் பிரதியாக வாங்குங்கள். இதுதான் பாதி மருந்து. கடைசியில் குடும்பவாரியாகப் பெயர்ப் பட்டியல், முன்னால் வரைபடம். இரண்டு இடத்திலும் அடையாளச் சீட்டு செருகிவைத்தால் நினைத்தபோது புரட்டலாம். மின்னூலில் அங்கே போய்த் திரும்புவதற்குள் படித்த வரி மறந்துபோகும்.

அத்தியாயத் தலைப்பே அதை யார் பார்வையில் படிக்கிறோம் என்பதைச் சொல்லும். முதல் 15 அத்தியாயங்கள் முடியும்போது, யார் யார் பார்வையில் கதை வருகிறதோ அந்த எட்டுப் பேரும் வந்துவிடுவார்கள். கடைசியாக வருபவள் சான்ஸா. அதுவரை வேறு எந்தப் பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு தாளில் நான்கு வரி போதும்: ஸ்டார்க் – ஓநாய், லானிஸ்டர் – சிங்கம், பராத்தியன் – கலைமான், டார்கேரியன் – டிராகன். புதியவர் வரும்போது எந்த விலங்கின் பக்கம் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். குழப்பம் பெரும்பாலும் ஒருவருக்கே இரண்டு பெயர் இருப்பதால் வருவது. எட்டார்டும் நெட்டும் ஒருவர். பீட்டர் பேலிஷும் லிட்டில்ஃபிங்கரும் ஒருவர். ராப் நெட்டின் மகன், ராபர்ட் மன்னர்.

பிரான் விழுவது எட்டாம் அத்தியாயத்தில். உங்கள் ஐம்பதாம் பக்கத்துக்குக் கொஞ்சம் பின்னால்தான். ஓர் உட்காரலில் மூன்று அத்தியாயமாவது படியுங்கள். ஒன்றோடு நிறுத்தினால், அந்த ஆளிடம் கதை திரும்பி வருவதற்குள் வாரம் ஓடிவிடும். பிடித்தவருடைய அத்தியாயங்களை மட்டும் பொறுக்கிப் படிக்காதீர்கள். நெட்டின் மனைவி கேட்லின் தப்பான ஆளைக் கைதுசெய்வது ஒரு அத்தியாயத்தில். அதற்குத் தெருவில் அடிபட்டுக் கால் உடைவது நெட்டுக்கு, வேறோர் அத்தியாயத்தில். பெயர் தெரியவில்லை என்று இணையத்தில் தேடவும் வேண்டாம். அந்த ஆள் எப்படிச் சாகிறார் என்பதுதான் முதல் வரியில் வந்து நிற்கும்.

கேள்வி (சேலம்): என் மகனுக்கு 13 வயது. தொலைக்காட்சித் தொடரைப் பற்றிக் கேள்விப்பட்டு நாவலைக் கேட்கிறான். வாங்கித் தரலாமா?

பதில்: இப்போது வேண்டாம். குழந்தைத் திருமணம், பாலியல் வன்முறை, சித்திரவதை எல்லாம் விரிவாக வருகின்றன, பெரியவர்களுக்காக எழுதப்பட்டது. மேலே சொன்ன எர்த்ஸீ முதல் நாவலைக் கொடுங்கள். சின்னப் புத்தகம், வளரும் பிள்ளைகளுக்காகவே எழுதியது. கர்வத்தால் ஒரு பையன் செய்த தவறு, அதை அவனே தேடிப்போய் எதிர்கொள்வது. அவன் வயதுக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது.

கேள்வி (புதுச்சேரி): ஏழு பாகம் என்றார்கள். ஐந்தாவது வந்தது 2011இல். காத்திருந்து சலித்துவிட்டது. இதே ருசியில், முழுதாக முடிந்த கதை எது?

பதில்: இரண்டு. ராபின் ஹாப்பின் மூன்று நாவல்கள், 1995 முதல் 1997 வரை, ‘அசாஸின்ஸ் அப்ரென்டிஸ்’ முதல் பாகம். அரச குடும்பத்தில் முறைப்படி பிறக்காத ஃபிட்ஸ் என்ற சிறுவனை ரகசியக் கொலையாளியாக வளர்க்கிறார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்லாமல் விழுங்கிக்கொள்வதே அவன் குறை; ரகசியம் காக்கப் பழக்கியவர்கள் கொடுத்த குறை அது.

இன்னொன்று ஜோ அபர்கிராம்பியின் மூன்று நாவல்கள், 2006 முதல் 2008 வரை, தொடக்கம் ‘தி பிளேட் இட்செல்ஃப்’. அதில் குளோக்டா வருகிறான். ஒரு காலத்தில் வாள்வீச்சில் பேர்பெற்ற அழகன். எதிரிகளிடம் சிக்கிச் சித்திரவதைப்பட்டுத் திரும்பி, இப்போது தானே சித்திரவதை செய்யும் அதிகாரி. மேலே பல் இருக்கும் இடத்தில் கீழே பிடுங்கியிருப்பார்கள், கீழே இருக்கும் இடத்தில் மேலே. எதையும் மெல்ல முடியாது. படிக்கட்டைக் கண்டாலே அவனுக்கு உயிர் போகும். அவன் செய்யும் கொடுமையைப் படிக்கும்போதே, அவன் ஒவ்வொரு படியாக இறங்கும்போது நம் முழங்கால் வலிக்கிறது.

கேள்வி (ஈரோடு): நானும் ஒரு மாயக்கதை நாவல் எழுதுகிறேன். நாயகன் குடிகாரன், முன்கோபி. ஐந்து பேரிடம் படிக்கக் கொடுத்தேன், யாருக்கும் அவன் மேல் ஒட்டுதல் வரவில்லை. எங்கே தப்பு?

பதில்: குடியும் கோபமும் மேல்சட்டை மாதிரி, எந்த நாயகனுக்கும் மாட்டலாம். முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். பிரதியில் அவன் குடிக்கும், கோபப்படும் வரிகளை எல்லாம் பென்சிலால் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். கதை அப்படியே நிற்கிறதா? அப்படியானால் அது அலங்காரம். நெட்டின் இரக்கத்தை அடித்துப் பாருங்கள், முதல் பாகத்தின் பின்பகுதி முழுவதும் சரிந்துவிடும். அப்படிச் சரிய வேண்டும்.

அவன் எதில் நல்லவனோ அதையே தாளில் எழுதி, அது எங்கே அளவு மீறும் என்று யோசியுங்கள். விசுவாசி என்றால் யாருக்கு விசுவாசம் காட்டி யாரைக் கைவிடுவான்? செர்ஸியின் தம்பி டிரியன் லானிஸ்டரிடம் உடல் பலம் இல்லை, நாக்கு இருக்கிறது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது போல, சும்மா இல்லாமல் வாய்விட்டு, மலையுச்சியில் ஒரு பக்கம் சுவரே இல்லாத, தரை வெளிப்பக்கம் சரிந்த சிறையில் போடப்படுகிறான். வெளியே வருவதும் அதே வாயால்தான்: காவலாளிக்குத் தங்க ஆசை காட்டி, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்று அவைக்கு வந்து, வாள்சண்டையில் வெல்பவர் பக்கம் தீர்ப்பு என்ற விசாரணையைக் கேட்டு வாங்குகிறான். திறமையும் குறையும் ஒரே உறுப்பில் இருக்கின்றன. உங்கள் குடிகாரனுக்கு என்ன நன்றாக வரும் என்பது முதல் பத்துப் பக்கத்திலேயே தெரிய வேண்டும். ஒன்றும் வராதவனோடு வாசகர் நடக்கமாட்டார்.

அடுத்து, குறைக்கு ஒருவர் விலை கொடுக்க வேண்டும். அவருக்குப் பெயர் இருக்க வேண்டும், கதையை விட்டுப் போய்விடக் கூடாது. ‘கிராமம் அழிந்தது’ என்று எழுதினால் யாருக்கும் வலிக்காது. கால் போன பிரான் அத்தியாயத்துக்கு அத்தியாயம் வந்து நிற்கிறான், அதனால் நாம் மறப்பதில்லை.

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் குழந்தைப்பருவச் சோகம். அம்மா செத்தாள், அப்பா அடித்தார், அதனால் குடிக்கிறான் என்று முதல் அத்தியாயத்திலேயே வக்காலத்து வாங்கிவிட்டால், வாசகருக்குத் தீர்ப்புச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. செயலை முன்னால் காட்டுங்கள், காரணத்தை நூறு பக்கமாவது தள்ளிப்போடுங்கள். ஜெய்மிக்கு இரண்டு பாகம் தள்ளிப்போட்டார்கள். இன்னொன்று: அவன் பார்வையில் எழுதும்போது அவனுக்குத் தன் குறை தெரியக் கூடாது. ‘என் கோபம்தான் என் எதிரி’ என்று அவனே நினைத்தால் அங்கே ஆசிரியர் வந்து பேசுகிறார் என்று அர்த்தம். நெட் தன்னை முட்டாள் என்று திட்டிக்கொள்வது, எல்லாம் கைமீறி நிலவறையில் கிடக்கும்போதுதான். குறையைச் சொல்ல வேறொரு பாத்திரம் வேண்டும், அதுவும் அவனுக்குப் பிடிக்காத பாத்திரமாக இருந்தால் நல்லது.

முதல் நாவலில் இரண்டு பேர் பார்வை போதும். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தப்பாகப் படுவதற்கு இரண்டு பேர் தேவை. மூன்றாமவர் வந்தால் முதல் முறை எழுதுகிறவருக்குக் கை நழுவும். கதைச் சுருக்கத்தை வரி வரியாக எழுதி, வரிகளுக்கு நடுவே ‘இதனால்’ என்று போட்டுப் பாருங்கள். ‘பிறகு’ என்றுதான் போட முடிகிறது என்றால், அந்த இடத்தில் கதை நாயகனுடைய குறையிலிருந்து பிறக்கவில்லை, உங்கள் வசதிக்காக நகர்கிறது.

திருத்தியதை அதே ஐந்து பேரிடம் கொடுங்கள். பிடித்ததா என்று கேட்காதீர்கள். அவன் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேளுங்கள். ஐந்து பேரும் ஒரே பதில் சொன்னால் அந்த அத்தியாயத்தை மறுபடி எழுத வேண்டும். இரண்டு பேர் ‘நானும் அதைத்தான் செய்திருப்பேன்’ என்று சொல்லி, மற்ற மூவரும் அவர்களோடு சண்டைக்கு நின்றால், அதில் கைவைக்காதீர்கள்.